கிண்ணியாப் பாலத்துக்கு முன்: கடைசி நாளில் புண்பட்ட ஒரு கால் பற்றிய நிகழ்வு ஆய்வு

காலியிலிருந்து திருகோணமலைவரை எட்டு நாள் சைக்கிள் ஓட்டம். துறைமுகத்தில் தொடங்கித் துறைமுகத்தில் முடிகிற பாதை, ஏறத்தாழ 550 கிலோமீட்டர். போரில் கால் இழந்த முன்னாள் படைவீரர்களுக்கும், அதே போரில் அதே மாதிரிக் கால் இழந்த மற்றவர்களுக்கும் செயற்கைக் கால் செய்யப் பணம் சேர்ப்பது நோக்கம். எட்டாம் நாள் காலை, ஊர் வந்துவிட்டது என்று எல்லோரும் முகம் மலரத் தொடங்கிய நேரத்தில், ஓடிக்கொண்டிருந்தவர்களிலேயே மூத்தவரின் காலில் திறந்த புண் ஒன்றைப் பார்த்தேன். மூன்று நாளாக அவர் மறைத்துக்கொண்டு வந்த புண் அது.

செயற்கைக் கால் செய்வது என் தொழில். அந்த ஓட்டத்தில் கால்களைக் கவனிக்கும் பொறுப்பும் என்னுடையதாக இருந்தது. அதனால் இந்தப் பதிவில் என் தவறும் ஒரு பகுதி. இதில் வருபவரை 'நானா' என்று மட்டும் குறிப்பிடுகிறேன். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். பெயர், பிறந்த கிராமம், படைப்பிரிவு மூன்றையும் விட்டிருக்கிறேன். எழுதி முடித்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், பிறகு சம்மதித்தார்.

ஆளும் காலும்

வயது 54. திருகோணமலை மாவட்டத்து முஸ்லிம் குடும்பம். 1990களில் வடக்கில் பணியில் இருந்தபோது மிதிவெடியில் இடது கால் போனது. முழங்காலுக்குக் கீழே 14 சென்ரிமீற்றர் எஞ்சியிருக்கிறது. சீனி வருத்தம் நான்கு ஆண்டுகளாக. குளிசையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. புறப்படுவதற்கு முந்திய வாரம் எஞ்சிய காலின் உணர்ச்சியைச் சோதித்தேன். 10 கிராம் அமுக்கத்தில் வளையும் சோதனை நூலால் தொட்ட இடமெல்லாம் உணர்ந்தார், வெட்டுத் தழும்பைச் சுற்றி மட்டும் மந்தம்.

போட்டிருந்தது சிலிக்கோன் லைனரும் (எஞ்சிய காலில் மாட்டும் உறை), அதன் அடியில் 'பின்' என்கிற ஆணி வைத்துப் பூட்டுகிற சொக்கட்டும் (கால் இறங்கி உட்காரும் கிண்ணம்). சொக்கட்டுக்கு ஐந்து வயது. நடப்பதற்கு நல்ல கால் அது. சைக்கிளுக்கு அது போதுமா என்பதுதான் புறப்படும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பின் பூட்டு, காலைத் தூக்கும்போது லைனரின் அடிநுனியைப் பிடித்து இழுக்கும். நடையில் அந்த இழுவை சிறியது. சைக்கிளில் பெடலோடு பாதத்தை வாரால் கட்டிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பெடல் மேலே வரும்போது தசை கீழே இழுபடும், கீழே போகும்போது எலும்பு நுனி அமுக்கப்படும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 3600 தடவை. ஐந்து மணி நேர ஓட்டத்தைப் பெருக்கிப் பாருங்கள்.

சைக்கிளில் செய்ய வேண்டிய மாற்றங்களைச் செய்துதான் இருந்தோம். பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் 110 பாகை அளவுக்கு மடங்கும். அப்போது சொக்கட்டின் பின்விளிம்பு தொடையின் பின்பக்கத் தசைநாரை வெட்டும். ஆகவே பின்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தினேன். இடது கிராங்கை 170 மில்லிமீற்றரில் இருந்து 150க்குக் குறைத்தோம். கணுக்கால் இல்லாத காலுக்கு விரற்பக்கத்தில் மிதிப்பதால் பயனில்லை. குழாய்க்கு நேர் கீழே, நடுப்பாதத்தில் பெடல் வரும்படி வைத்தோம். முதல் நான்கு நாள் இவ்வளவும் சரியாக வேலை செய்தது. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, வெல்லவாய. அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் நன்றாக இருந்தது, நானாவின் சிரிப்பும் நன்றாக இருந்தது.

மறைப்பு எங்கே தொடங்கியது

மொனராகலையைத் தாண்டிப் பொத்துவில் பக்கம் இறங்கியதும் வேறு நாடு மாதிரி வெக்கை. ஓகஸ்ட் மாதம். கிழக்கில் கச்சான் காற்று வீசுகிற காலம். மலையில் மழையைக் கொட்டிவிட்டு வரும் அந்தக் காற்றில் ஈரம் இருக்காது. வியர்வை உடனே காய்ந்துவிடும், அதனால் எவ்வளவு நீர் போகிறது என்று தெரியாது. ஆனால் லைனருக்குள் காயாது. சிலிக்கோன் எதையும் உறிஞ்சாது. கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் ஊற்றும்.

கால் இழந்த ஒருவருக்கு வெக்கை மற்றவர்களைவிடக் கடுமை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. உடம்பு வெப்பத்தை விடுவது தோல் வழியாக. ஒரு காலின் கீழ்ப்பாதி இல்லை, எஞ்சியதில் பெரும்பகுதி ரப்பர் உறைக்குள் என்றால், குளிர்வதற்கு இருக்கிற தோல் அந்த அளவுக்குக் குறைவு. ஒவ்வொரு தரிப்பிலும் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம், செவ்விளநீர் கிடைத்த இடமெல்லாம் வாங்கினோம். அது உடம்புக்குப் போதியது. எஞ்சிய கால் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது.

இந்த மெலிவுதான் வருத்தத்தின் வேர். தசைக்குள் இருக்கும் நீர், ஓட்டத்தின் அமுக்கத்தில் வெளியேறி, கால் சொக்கட்டுக்குள் கீழே இறங்கும். இறங்கினால் எலும்பு நுனி அடியில் போய் முட்டும். அதற்குத் தான் சொக்ஸ் கூட்டிப் போடுவது. காலியில் நானா மூன்று மடிப்புச் சொக்ஸ் போட்டுத் தொடங்கினார். அக்கரைப்பற்றில் ஆறு. மட்டக்களப்பில் ஒன்பது. பத்தைத் தாண்டினால் சொக்கட் இனி இந்தக் காலுக்கு உரியது இல்லை என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. ஒன்பது என்ற எண்ணை நான் புத்தகத்தில் எழுதினேன். எழுதியதோடு நின்றேன். அந்த எண் அன்றிரவே என்னை எழுப்பியிருக்க வேண்டும்.

மணிக்கொரு தடவை நிறுத்தி, காலைக் கழற்றி, லைனரைத் துடைத்து, பத்து நிமிடம் காற்றுப்பட விடுவது எங்கள் ஒழுங்கு. ஆறாம் நாளிலிருந்து நானா தரிப்பில் தனியாகப் போய் உட்காரத் தொடங்கினார். ஒரு மரத்துக்குப் பின்னால், ஒரு வேனுக்கு மறுபக்கம். தொழுகைக்காக ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். ஒரு மனிதர் தொழப் போகும்போது பின்னால் போய்ப் பார்ப்பது மரியாதை இல்லை என்றும் நினைத்தேன். "வலி இருக்கா நானா?" என்று கேட்பேன். "ஒண்டுமில்ல தம்பி" என்பார். இந்தக் கேள்வி பதில் மூன்று நாளில் எத்தனை தடவை நடந்தது என்று எண்ணவில்லை.

எட்டாம் நாள் காலை

வாகரையில் இரவு தங்கினோம். சுபஹ் தொழுகை முடிந்து ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். அன்றைக்கு எழுபது சொச்சம் கிலோமீட்டர்தான். வெயில் ஏறுமுன் மூதூர், பத்து மணிக்குக் கிண்ணியா, மதியத்துக்கு முன் திருகோணமலைக் கடற்கரை என்று கணக்கு. அங்கே குடும்பங்கள் காத்திருந்தன. நானாவின் மகள் கைக்குழந்தையோடு வருவதாக முதல் நாள் இரவு தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

ஏ15 வீதியை இப்போது ஓடுகிறவர்களுக்கு அது ஒரு நேரான கடற்கரை வீதி. என் சின்ன வயதில் மட்டக்களப்பிலிருந்து இந்த வழியாக வருவதென்றால் படகுத்துறை, படகுத்துறையாக இறங்கி ஏற வேண்டும். பனிச்சங்கேணி, வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று அந்தத் துறைகளின் பெயர் இன்றைக்கு பாலங்களின் பெயர். போர்க்காலத்தில் இந்த வீதியின் பல பகுதிகள் ஆண்டுக்கணக்காக மூடிக் கிடந்தன. முந்திய நாள் பனிச்சங்கேணிப் பாலத்தில் நானா கொஞ்சம் மெதுவாக்கி, தண்ணீரை இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் இங்கே முன்பு சீருடையில் வந்திருக்கக்கூடும். நான் கேட்கவில்லை.

வெருகலில் முதல் தரிப்பு. சித்திரவேலாயுதர் கோயிலுக்கு அருகே. கதிர்காமத்துக்கு வடக்கிலிருந்து நடந்து போகிற பாதயாத்திரை அடியார்கள் இந்த வழியாகத்தான் எங்களுக்கு எதிர்த்திசையில் இறங்குவார்கள். கொப்புளம் வந்த கால்களை இந்த ஊர்ச் சனங்கள் தலைமுறையாகப் பார்த்தவர்கள். ஒரு அம்மா செம்பில் தண்ணீரும் தேசிக்காயும் உப்பும் கொண்டுவந்தா. எல்லோருடைய காலையும் ஒருமுறை பார்த்தா. நானாவின் பக்கம் வந்ததும் நின்று, "இந்தத் தம்பியின்ர காலைக் கழட்டிக் கழுவுங்கோவன்" என்றா. நானா சிரித்துக்கொண்டே தண்ணீரை வாங்கிக் குடித்தார். காலைக் கழற்றவில்லை. "மூதூருல பாப்பம் தம்பி" என்றார் என்னிடம்.

அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டரும் நான் அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தேன். இடது முழங்கால் வெளிப்பக்கம் விரிந்து விரிந்து சுற்றியது. வலது காலே முழு வேலையையும் செய்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் சொக்கட்டுக்குள்ளிருந்து 'டொப்' என்று ஒரு காற்றுச் சத்தம். கால் உள்ளே மேலும் கீழும் ஓடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கிளிவெட்டியில் ஒரு மரநிழலில் எல்லோரையும் நிறுத்தினேன். நேரம் எட்டரை.

"நானா, கழட்டுங்கோ. நான் பாக்க வேணும்."

கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானை அமுக்கிக் காலை விடுவித்தார்.

கண்டவை

லைனரைச் சுருட்டி இறக்கும்போதே வாடை வந்தது. கணைக்காலெலும்பின் முன்நுனியில், தோல் உரிந்த புண். இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றரை. அடி இளஞ்சிவப்பு, ஈரம், சீழ் இல்லை. சுற்றி ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சிவப்பு. வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பின் தலையில் வேறொரு சிவப்பு. சொக்கட்டைக் கழற்றி இருபது நிமிடம் கழிந்தும் அது மங்கவில்லை. பத்து நிமிடத்தில் மங்குகிற சிவப்பை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. இது அந்த வகை இல்லை. காய்ச்சல் இல்லை. விரலில் குத்திப் பார்த்த சீனி 190ஐத் தாண்டியிருந்தது.

எனக்கு உண்மையைச் சொன்னது புண் அல்ல, புண்ணுக்கு மேலே இருந்த ஒரு கோடு. நேரான, கூரான, சிவந்த கோடு. சொக்கட் எங்கேயும் நேர்கோடு போடாது. அதன் உட்புறம் முழுக்க வளைவு. அந்தக் கோடு துணியின் மடிப்பு. சொக்கட்டுக்குள் கையை விட்டேன். அடியில், நான்காக மடித்த கைலேஞ்சி ஒன்று இருந்தது. வியர்வையில் ஊறி, கல்லாக அமுங்கி, ஒரு மூலையில் இரத்தம்.

"எப்ப வச்சீங்க?"

"அக்கரப்பத்துல."

எலும்பு நுனி முட்டாமல் இருக்க மெத்தை வைத்திருக்கிறார். முதல் நாள் சுகமாக இருந்திருக்கும். அடுத்த நாள் அந்த மடிப்பின் விளிம்பே கத்தியாகிவிட்டது. மாற்று லைனர் ஒன்று அவருக்கென்று கொண்டு வந்திருந்தோம். அது முன்னால் போகிற சாமான் லொறியில், என் பெட்டிக்குள் இருந்தது. கேட்டால்தான் கிடைக்கும் இடத்தில். கேட்டால் நான் காலைப் பார்ப்பேன். பார்த்தால் நிறுத்துவேன். அவர் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், அதை இப்போது நினைத்தால் வருத்தம். அவர் சொன்ன பதில் இந்த ஆய்வை எழுத வைத்த பதில்: "ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காசு தாறதாச் சொன்னாங்களே தம்பி. என்ட கணக்குல ரெண்டு பேருக்குக் கால் வருது. நான் வேன்ல ஏறினா யாருட கால் கொறயும்?"

மூன்று வழி

சைக்கிளோட்டம் முடிவை நெருங்கும்போது எல்லோருடைய கணக்கும் மாறிவிடும். இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லை, 500க்கு மேல் ஓடிவிட்டோம் என்கிற எண்ணம் வலியைச் சின்னதாக்கிக் காட்டும். குழுவில் சிலர், நன்றாகக் கட்டுப்போட்டு மெதுவாக ஓட்டலாம் என்றார்கள். நல்ல மனத்தோடு சொன்னார்கள். நான் மறுத்தேன். சீனி உள்ள ஒருவரின் எலும்பு நுனியில் திறந்த புண்ணை வைத்துக்கொண்டு சொக்கட்டுக்குள் இறக்கினால், இரண்டு மணி நேரத்தில் அது எலும்புவரை போகலாம். எலும்பில் கிருமி ஏறினால் அடுத்த வெட்டு முழங்காலுக்கு மேலே. முழங்கால் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் நடையில் உள்ள வித்தியாசத்தை நான் தினமும் பார்க்கிறவன். அந்த முழங்காலுக்கு ஈடாக எந்தக் கடற்கரை வரவேற்பும் இல்லை.

இரண்டாவது வழி வேன். அதுவே சரி என்று எனக்குப் பட்டது. நானா தலையைக் குனிந்து, "சரி" என்றார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அந்தச் 'சரி'யைக் கேட்டு எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை.

மூன்றாவது வழியைச் சொன்னவர் வன்னியிலிருந்து வந்து எங்களோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு அண்ணை. அவருக்கு வலது கால் இல்லை. எந்த ஆண்டு, எந்த இடம், அப்போது அவர் என்னவாக இருந்தார் என்று நானா எட்டு நாளும் கேட்கவில்லை. அண்ணையும் நானாவிடம் கேட்கவில்லை. அவருடைய கால் யாழ்ப்பாணத்தில் செய்தது. 1987இலிருந்து அங்கே ஜெய்ப்பூர் கால் செய்கிற நிலையம் இயங்கிவருகிறது. 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம்தான், வெறுங்காலோடு வயலில் இறங்கலாம். ஆனால் அண்ணை அதைச் சைக்கிளில் போடுவதே இல்லை. கால் உடைந்து, மாற்ற வழியில்லாமல் இருந்த காலத்தில் ஒற்றைக் காலால் ஓட்டிப் பழகினார், பிறகு அப்படியே இருந்துவிட்டார். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள் இப்படி ஓட்டுகிறவர்களைக் கண்டிருப்பார்கள்.

"காலைக் கழட்டி வேனில போடுங்கோ நானா," என்றார். "மற்றக் காலால ஓடலாம். நான் காட்டித் தாறன்."

ஒற்றைக் காலுக்கு மாற்றியது

முதலில் வைத்தியசாலை. மூதூரில் புண்ணைப் பார்த்த வைத்தியர், அது மூடும்வரை செயற்கைக் கால் போடக்கூடாது என்று எழுதித் தந்தார். ஏற்பூசி (ரெற்றனஸ் தடுப்பூசி) போட்டார்கள், கழுவிக் கட்டினார்கள். ஒற்றைக் காலால் ஓட்டும் யோசனையைச் சொன்னபோது வெகுநேரம் யோசித்தார். புண்ணில் எதுவும் படாமல் இருந்தால் தடையில்லை, கட்டில் இரத்தம் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்றார். தொங்கவிட்ட கால் வீங்கும் என்பதால் நான் மேலே எலாஸ்ரிக் பண்டேஜை எட்டு வடிவத்தில், நுனியில் இறுக்கமும் மேலே தளர்வுமாகச் சுற்றினேன்.

முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டரை முதல் தடவையிலேயே ஒற்றைக் காலால் ஓடுவது வலது முழங்காலுக்குத் தண்டனை. ஆகவே கிண்ணியாவரை வேனில் வருவதென்றும், வெயில் தாழ்ந்த பிறகு கடைசி இருபது கிலோமீட்டரை மட்டும் ஓடுவதென்றும் முடிவெடுத்தோம். கிளிவெட்டியிலிருந்து கிண்ணியாப் பாலம்வரை எங்கள் மீட்டர்க் கணக்கில் 24 கிலோமீட்டர் வேனில் போனது.

சைக்கிள் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். நானாவுக்கு இல்லாதது இடது கால். செயின் சில்லு இருப்பது வலதுபக்கம். எனவே இடது கிராங்கை முழுவதுமாகக் கழற்றிவிடலாம். தொங்கும் காலில் எதுவும் அடிக்காது. கிராங்க் கழற்றும் கருவி கையில் இருந்தது. வெறும் பெடலை மட்டும் கழற்றுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, இடது பெடலின் மரை தலைகீழ், மணிக்கூட்டுத் திசையில் சுற்றினால்தான் கழலும். அண்ணையின் சைக்கிளில் இந்த வசதி இல்லை. அவருக்கு இல்லாதது வலது கால். வலது கிராங்கில் செயின் சில்லு இருப்பதால் அதை எடுக்க முடியாது, பெடலை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கட்டைக் கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும்.

வலது பாதத்தைப் பெடலோடு கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெடல் அடியிலிருந்து உச்சிக்கு வருகிற பாதிச் சுற்றில் சக்தி இல்லை. கடையில் விற்கிற வாரைவிடப் பழைய ரியூப்பில் வெட்டிய வார் நல்லது என்றார் அண்ணை. இழுபடும், அவசரத்தில் காலை உருவினால் வரும். சீட்டை இரண்டு சென்ரிமீற்றர் இறக்கினோம், உட்கார்ந்தபடியே விரல்நுனி நிலத்தில் படுவதற்கு. கியர் மிகவும் இலகுவானது.

பிறகுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. நம் நாட்டில் வாகனம் இடதுபக்கம் ஓடும். அண்ணை நிறுத்தும்போது இடது காலை வீதியோரத்தில் ஊன்றுவார், பாதுகாப்பு. நானாவுக்கு இருப்பது வலது கால். அவர் நிறுத்தினால் வீதி நடுவை நோக்கிச் சாய வேண்டும், பின்னால் வருகிற பஸ்ஸை நோக்கி. அண்ணையின் இருபது ஆண்டு அனுபவத்தில் இதற்குப் பதில் இல்லை. கிண்ணியாவில் ஒரு விளையாட்டுத் திடலில் முக்கால் மணி நேரம் பழகியபோது நானா இரண்டு தடவை இடதுபக்கம் விழுந்தார். பழக்கத்தில், இல்லாத காலை ஊன்றப் போனார். முப்பது ஆண்டு கழித்தும் உடம்பு அந்தக் காலை மறக்கவில்லை. இரண்டு தடவையும் புல்லில், கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஏற்பாடு இப்படி: நானாவின் வலதுபக்கம், அரைச் சில்லு பின்னால் அண்ணை, இடதுபக்கம் நல்ல உடம்புள்ள ஒரு பொடியன், பின்னால் விளக்குப் போட்டபடி வேன். நிறுத்த வேண்டுமானால் நானா "நிப்பம்" என்று சொல்வார், இருவரும் தோளைப் பிடிப்பார்கள்.

கடைசி இருபது

மூன்றே முக்காலுக்குக் கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். 2009 ஒக்ரோபரில் திறந்த பாலம், 396 மீற்றர், திறந்தபோது நாட்டின் மிக நீளமான பாலம். கச்சான் இடதுபக்கத்தால் அடித்தது. இடது கால் இல்லாததால் அந்தப் பக்கம் பாரம் குறைவு. காற்று அவரை வலதுபக்கம், அண்ணையின் மேல் தள்ளியது. அண்ணை தோளைக் கொடுத்து ஓடினார். வேகம் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் கூட இல்லை. பாலத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தூண்டிலை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஓடி வந்தார்கள்.

வெள்ளைமணல் தாண்டியதும் அவருக்குச் சுற்று பிடிபட்டது. மேலே இழுக்கும் பாதியில் தோள் ஆடுவது நின்றது. சீனக்குடாவில் ஒரு தரிப்பு. கட்டை அவிழ்க்காமல் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஜீவனி அரைப் போத்தல் குடித்தார். அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இந்த ஊரைத் தாக்கியபோது அதில் ஒன்று எரிந்தது. அந்தப் போரில் இறந்தவர்களின் கல்லறை உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கிறது. காயப்பட்ட படையாட்களை இந்த ஊர் எங்கள் போருக்கு வெகுகாலத்துக்கு முன்பே கண்டிருக்கிறது.

பாலையூற்று, அனுராதபுரச் சந்தி. சந்தியில் வாகன நெரிசல். "நிப்பம்" என்றார். இருவரும் பிடித்தார்கள். ஒரு பஸ் நடத்துநர் இறங்கி நின்று கையைக் காட்டி மற்ற வாகனங்களை நிறுத்தினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கடற்கரைக்கு வந்தபோது ஆறு மணி. மகள் குழந்தையோடு ஓடி வந்தாள். நானா இறங்கும் முன் தன் ரியூப் வாரைத் தானே தளர்த்தினார், அண்ணை கற்றுக்கொடுத்த மாதிரி. ஊன்றுகோலைக் கொடுத்தோம். அண்ணை சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நானாவும் அங்கே போனார்.

ஆராய்ந்தவை

புண்ணுக்குக் காரணம் எழுதச் சொன்னால் மெலிவு, வியர்வை, பின் பூட்டின் இழுவை, கைலேஞ்சி என்று எழுதுவேன். நான்கும் உண்மை. ஆனால் மூன்று நாள் மறைப்புக்கு இவை காரணம் இல்லை, மறைத்திருக்காவிட்டால் ஆறாம் நாளிலேயே மாற்று லைனரோடும் ஒரு நாள் ஓய்வோடும் இது முடிந்திருக்கும்.

படையில் இருந்தவர்களுக்கு வலியைச் சொல்லாமல் இருப்பது பயிற்சி. முறையிடுகிறவன் மற்றவன் முதுகில் பாரம் ஏற்றுகிறான் என்று பதினெட்டு வயதில் கற்றுக்கொண்டது ஐம்பத்து நான்கிலும் போவதில்லை. நாங்கள் செய்தது, அந்தப் பழக்கத்தின் மேல் ஒரு விலையையும் ஒட்டியது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று காசு தருவதாகப் பேசியபோது, பணம் சேர்க்க அது நல்ல வழியாகத் தெரிந்தது. ஆரோக்கியமான ஒருவர் ஓடினால் அது நல்ல வழிதான். கால் இழந்தவர் கால் இழந்தவருக்காக ஓடும்போது, ஒவ்வொரு தரிப்பும் இன்னொருவருடைய காலில் ஒரு துண்டு என்று அவர் மனத்தில் கணக்கு ஓடும். அந்தக் கணக்கை நாங்கள்தான் அவர் கையில் கொடுத்தோம்.

வெளிநாடுகளில் இந்த வகை ஓட்டங்களுக்கு இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. 2004இல் கிறிஸ் கார்னி என்பவர் அமெரிக்காவைக் குறுக்காகச் சைக்கிளில் கடந்து காயப்பட்ட படைவீரர்களுக்குப் பணம் சேர்த்தார். அடுத்த ஆண்டு கால் இழந்த வீரர்களே அவரோடு ஓடினார்கள். மற்றவர் ஓடி, காயப்பட்டவருக்குப் பணம் சேர்ப்பதிலிருந்து, காயப்பட்டவரே ஓடுவது என்று அது மாறியது. அந்த மாற்றத்தை நான் மனதார விரும்புகிறேன். எங்கள் ஓட்டமும் அதைப் பார்த்து வந்ததுதான். ஓடுகிறவர் மாறும்போது பணத்தின் ஒழுங்கும் மாற வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை.

அடுத்த ஓட்டத்துக்குக் கிலோமீட்டர்க் கணக்கை எடுத்துவிட்டோம். ஒரு கால் செய்ய ஆகும் செலவைச் சொல்லி, புறப்படும் முன்பே பணத்தைக் கேட்கிறோம். முதல் தடவையில் கிலோமீட்டர்க்காசு தருவதாகச் சொன்னவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம்: நானாவின் 24 கிலோமீட்டர் வேனில் போனது, ஏன் போனது. ஒருவர் கூடக் குறைக்கவில்லை. அவர்களிடம் முதலிலேயே பேசியிருந்தால் அந்தக் கைலேஞ்சிக்கு வேலை வந்திராது.

தரிப்பில் இப்போது நான் "வலிக்குதா" என்று கேட்பதில்லை. எல்லோரும் கழற்றுகிறார்கள், நான் பார்க்கிறேன், புண் இல்லாதவரும் கழற்றுகிறார். கடைசி இரண்டு நாளில் மணிக்கொரு தடவை என்பது அரைமணிக்கு ஒரு தடவை. மாற்று லைனர் லொறியில் போவதில்லை, ஓடுகிறவரின் பைக்குள் இருக்கிறது. தொழுகைக்கு ஒதுங்குகிறவர் திரும்பி வந்த பிறகு காட்டுகிறார்.

பின்தொடர்வு

புண் பத்தொன்பது நாளில் மூடியது. கிருமி ஏறவில்லை. அந்த நாட்கள் முழுவதும் ஊன்றுகோலோடு இருந்தார், சீனியும் கொஞ்சம் இறங்கியது. ஆறாம் வாரம் புதிய சொக்கட்டுக்கு அச்செடுத்தேன். பின் பூட்டை விட்டு, முழங்காலுக்கு மேலே உறை போட்டுக் காற்றை இழுத்துப் பிடிக்கும் வகை. நுனியில் இழுவை இல்லை.

நான்காம் மாதம் ஒரு காலையில் தொலைபேசியில் கூப்பிட்டார். கிண்ணியாப் பாலத்தில் நிற்பதாகச் சொன்னார். விடியற்காலையில் பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கிளிவெட்டியில் இறங்கி, அன்று வேனில் போன அந்தத் துண்டைப் புதுக் காலோடு ஓடி முடித்திருக்கிறார். இரண்டு தடவை நின்று கழற்றிப் பார்த்ததாகவும் சிவப்பு ஐந்து நிமிடத்தில் போய்விட்டதாகவும் நான் கேட்கும் முன்பே சொன்னார். எங்கள் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே 'வேன், 24' என்று எழுதியிருப்பதை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அதுல கை வெக்காத தம்பி," என்றார். "அண்டைக்கு நான் வேன்லதான் வந்த."